சீட்டை ஏற்றலாம்... ஃப்ரேமை மாற்ற முடியுமா? பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிள் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை!

பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் 5 முறை டூர் டி ஃபிரான்ஸ் பட்டம் வென்றவர். 1972-ல் மெக்சிகோ சிட்டியில் ஒரே மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தவர். அவரிடம் ஒரு விநோதப் பழக்கம் இருந்தது. சீட்டின் உயரத்தை மாற்றிக்கொண்டே இருப்பார். ரேஸுக்கு நடுவில்கூட சீட்டை ஏற்றுவார், இறக்குவார்.

காரணம் 1969-ல் நடந்த ஒரு விபத்து. பிரான்ஸின் ப்ளுவா நகர ரேஸ் டிராக்கில் மெர்க்ஸ் விழுந்தார். அவருக்கு முன்னால் மோட்டார் வண்டி ஓட்டிச் சென்றவர் இறந்தே போனார். மெர்க்ஸின் இடுப்பெலும்பு கொஞ்சம் திரும்பிவிட்டது. அதன்பிறகு வலியில்லாமல் உட்கார ஓர் இடத்தை அவர் தேடிக்கொண்டே இருந்தார்.

உடலுக்கும் சைக்கிளுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் பிசகினாலும் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இத்தனைக்கும் அவர் ஓட்டியது அவர் உடலை அளந்து செய்த சைக்கிள். அந்தக் காலத்து சைக்கிளை செகண்ட் ஹேண்டில் வாங்குபவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். யாரோ ஒருவரின் காலுக்காக எப்போதோ வாங்கியது அது!

பழைய சைக்கிளுக்கு ஏன் இந்த மவுசு?

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் கயோலே இன் கியான்டி என்றொரு சிற்றூர். 1997 முதல் அங்கே 'லெரோய்கா' என்ற சைக்கிள் விழா நடக்கிறது. ஜல்லியும் புழுதியுமான வெள்ளைச் சாலைகளில் பழைய ரேஸ் சைக்கிள்களில்தான் போக வேண்டும். 1987-தான் எல்லைக்கோடு. கியர் லீவர் ஃப்ரேமின் கீழ்க் குழாயில் இருக்க வேண்டும், பெடலில் காலை மாட்டும் கிளிப் இருக்க வேண்டும் என்று ஏகப்பட்ட விதிகள். நீளமான பாதை 200 கிலோமீட்டருக்கும் மேல்.

இப்படிப்பட்ட விழாக்களால் பியாங்கி, பெஜோ, ராலே போன்ற பழைய சைக்கிள்களைத் தேடி வாங்குகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஸ்டீல் ஃப்ரேமும் லேசுப்பட்டதல்ல. 1935-ல் இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் நிறுவனம் கொண்டுவந்த '531' குழாய்கள் இன்றும் பிரபலம். முனைகளில் தடிமனாகவும் நடுவில் மெல்லியதாகவும் செய்யப்பட்டவை. பராமரித்தால் பல பத்தாண்டுகள் உழைக்கும்.

பெயின்ட் பளபளக்கிறது, விலையும் படிகிறது என்றதும் பலர் பணத்தை எடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து ஏறி உட்கார்ந்த பிறகுதான் கால் எட்டவில்லை என்று தெரிகிறது.

எந்த 'இன்ச்' என்று கேளுங்கள்!

நம் ஊர்க் கடைகளில் '24 இன்ச் சைக்கிள்' என்றால் இரண்டு அர்த்தம் உண்டு. பிள்ளைகள் சைக்கிள் என்றால் அது சக்கரத்தின் அளவு. பார் வைத்த பெரிய சைக்கிள் என்றால் ஃப்ரேமின் உயரம். அந்தப் பெரிய சைக்கிளில் சீட்டில் உட்கார முடியாமல், பாருக்கு அடியில் காலை நுழைத்து ஓட்டியதுதானே குரங்கு பெடல்!

பழைய ரேஸ் சைக்கிளில் சைஸ் என்பது சீட்டைத் தாங்கும் செங்குத்துக் குழாயின் நீளம். பெடல் சுற்றும் அச்சின் மையத்திலிருந்து அளக்க வேண்டும். எதுவரை அளப்பது என்பதில்தான் சிக்கல். இத்தாலியில் பலரும் மேல் பாரின் மையம்வரை அளந்தார்கள். பிரிட்டனில் பெரும்பாலும் குழாயின் மேல் நுனிவரை, அதுவும் இன்ச்சில். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். எனவே, 'சைஸ் 54' என்று விற்பவர் சொன்னால் எங்கிருந்து எதுவரை என்று கேளுங்கள். டேப்பை வைத்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வது இன்னும் நல்லது.

முதலில் உங்கள் காலை அளங்கள்

செருப்பைக் கழற்றிவிட்டு சுவரில் சாய்ந்து நேராக நில்லுங்கள். பாதங்களுக்கு நடுவில் ஒரு சாண் இடைவெளி போதும். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவில் வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுத்துமோ அப்படி மேல்நோக்கி அழுத்துங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பை இன்னொருவர் சுவரில் குறிக்கட்டும். தரையிலிருந்து அந்தக் குறிவரை உள்ளதுதான் உங்கள் கால் அளவு. பேன்ட் அளவை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அது குறைவாகக் காட்டும்.

அமெரிக்க வீரர் கிரெக் லமாண்ட் மூலம் பிரபலமான கணக்கு இது. கால் அளவை 0.65-ஆல் பெருக்கினால் மேல் பாரின் மையம்வரையிலான ஃப்ரேம் சைஸ் கிடைக்கும். 0.883-ஆல் பெருக்கினால் பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேல்புறம்வரை வேண்டிய உயரம். கால் அளவு 80 செ.மீ. என்றால் ஃப்ரேம் 52, சீட் உயரம் சுமார் 70.6 செ.மீ. இது தொடக்கக் கணக்குதான். ஓட்டிப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சீட்டை உங்கள் உயரத்துக்கு வைத்த பிறகு, அதன் கம்பி ஒரு கைப்பிடி அளவு வெளியே தெரிந்தால் பழைய ஸ்டீல் சைக்கிளுக்கு அது சரியான அடையாளம். கம்பி முழுவதும் உள்ளே போய்விட்டால் ஃப்ரேம் பெரிது. 'இதற்கு மேல் இழுக்காதே' என்று கம்பியில் போட்டிருக்கும் கோடு வெளியே தெரிந்தால் ஃப்ரேம் சிறிது. அப்படி ஓட்டுவது ஆபத்தும்கூட.

பாருக்கு மேல் நின்று பாருங்கள்

அப்பா ஓட்டிய சைக்கிளை மகள் தூசி தட்டி எடுக்கிறாள் என்று வையுங்கள். அப்பாவின் கால் அளவு 84 செ.மீ., ஃப்ரேம் 55. மகளின் கால் அளவு 74 செ.மீ. கணக்குப்படி அவளுக்குத் தேவை 48. சீட்டை எவ்வளவு இறக்கினாலும் மேல் பார் இறங்காது. திடீரென பிரேக் போட்டு இரண்டு காலையும் ஊன்றும்போது பார் இடிக்கும். பாசத்துக்காக ஏறி, பயந்துபோய் சைக்கிளையே விட்டுவிடுவாள். சைக்கிளை அப்பாவிடமே கொடுத்துவிட்டு, அவளுக்கு 48-ல் ஒன்று தேடுவதுதான் சரி.

ஷூ போட்டுக்கொண்டு, மேல் பாரின் இரு பக்கமும் கால் ஊன்றி நில்லுங்கள். 2 முதல் 3 செ.மீ. இடைவெளியாவது வேண்டும்.

உயரம் மட்டும் போதாது!

பலரும் கோட்டைவிடும் இடம் இது. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரத்தைத் தீர்மானிப்பது மேல் பாரின் நீளம். கால் நீளமாகவும் உடம்பு குட்டையாகவும் உள்ளவர்களுக்கு உயரம் பொருந்தினாலும் கை எட்டாது. கழுத்து வலி, தோள் வலி, உள்ளங்கை மரத்துப்போவது எல்லாம் அதனால் வரலாம். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கலாம், பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கலாம்.

தூரம் ஓரிரு சென்டிமீட்டர் தள்ளிப்போனால், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை மாற்றிச் சரிசெய்யலாம். ஒரு எச்சரிக்கை. பழைய பிரெஞ்சு சைக்கிள்களில் ஸ்டெம்மின் விட்டம் 22 மி.மீ., மற்றவற்றில் 22.2 மி.மீ. அதனால் இதிலிருந்து எடுத்து அதில் மாட்ட முடியாமல் போகலாம்.

பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை பாக்கி. சீட் போல்ட்டைத் தளர்த்தி, கம்பி அசைகிறதா என்று திருப்பிப் பாருங்கள். பல வருடம் கழற்றாத அலுமினியக் கம்பி ஸ்டீல் குழாய்க்குள் அரித்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அசையாவிட்டால், சைஸ் சரியாக இருந்தாலும் சீட் உயரத்தை மாற்ற முடியாது.

இரண்டு சைஸுக்கு நடுவில் குழப்பமா? பாருக்கு மேல் நிற்கும்போது எது இடிக்கவில்லையோ அதை எடுங்கள். கொஞ்சம் சின்ன ஃப்ரேமில் சீட்டை ஏற்றி, ஸ்டெம்மை மாற்றி ஓட்டிவிடலாம். பெரிய ஃப்ரேமைச் சின்னதாக்க வழியில்லை. பிடித்த கலர், பிடித்த கம்பெனி, சைஸ் மட்டும் தப்பு என்றால் விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இன்னொன்று கிடைக்கும்!