நெஞ்சில் நீர் கோத்தால் காசநோய் மட்டும்தானா?

மூச்சு வாங்குகிறது, ஒரு பக்கம் நெஞ்சு பாரமாக இருக்கிறது. எக்ஸ்ரே எடுத்தால், ‘நுரையீரலைச் சுத்தி நீர் கோத்திருக்கு’ என்கிறார்கள். குரோம்பேட்டை, பல்லாவரம் மக்களுக்கு உடனே நினைவுக்கு வருவது தாம்பரம் சானடோரியம்தான். காசநோயாளிகளுக்காக டாக்டர் சௌரி முத்து 1928-ல் தொடங்கிய மருத்துவமனை அது. ரயில் நிலையத்துக்கும் அதே பெயர். அதனால் நீர் என்றாலே ‘டிபியாத்தான் இருக்கும்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். நம்மூரில் பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கிறது.

ரத்தப் புற்றுநோயாளிகளிடம்தான் இந்தக் கணக்கு தப்புகிறது.

நுரையீரலைப் போர்த்தியிருக்கும் இரண்டு மெல்லிய உறைகளுக்கு நடுவே இயல்பாக இரண்டு, மூன்று டீஸ்பூன் திரவமே இருக்கும். லிம்போமா, லுக்கீமியா செல்கள் அந்த உறையிலேயே படியலாம். நெஞ்சுக்குள் வீங்கிய நெறிக்கட்டிகள் வடிகாலை அடைக்கலாம். கீமோவால் எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு நிஜமாகவே காசநோயும் வரலாம். சில நேரம் மாத்திரையே காரணம். நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியாவுக்குத் தரப்படும் டாசாடினிபை எடுத்துக்கொண்டவர்களில் சுமார் 28 சதவீதம் பேருக்கு ஐந்தாண்டுகளுக்குள் நீர் கோத்ததாக ஒரு பெரிய ஆய்வு காட்டியது. மாத்திரை தொடங்கிப் பல வருஷம் கழித்தும் வரும். மருத்துவர் அதை நிறுத்தினாலோ, அளவைக் குறைத்தாலோ பெரும்பாலும் வடிந்துவிடும். (நோயாளி தானாக நிறுத்துவது ஆபத்து.)

குழப்பம் எங்கே என்றால், இந்த நீரெல்லாம் ஒரே மாதிரி தெரியும். காசநோய் நீரில் லிம்போசைட்டுகள் அதிகம்; லிம்போமா நீரிலும், டாசாடினிப் நீரிலும் அப்படித்தான். காசநோய்க்காகப் பார்க்கும் ஏடிஏ அளவு லிம்போமாவிலும் ஏறும். அதை மட்டும் நம்பி ஆறு மாத டிபி மாத்திரையைத் தொடங்கினால், அத்தனை நாளும் புற்றுநோய் கவனிக்கப்படாமல் வளரும். லிம்போமாவில் சில மாதங்கள் என்பது சின்ன விஷயமில்லை.

ஆகவே எடுத்த நீரைச் செல் பரிசோதனைக்கும், ரத்தப் புற்றுநோய் சந்தேகம் இருந்தால் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கும் அனுப்புவதை வழக்கமாக்க வேண்டும். தெளியாவிட்டால் உறையிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். அடையாறிலோ சென்ட்ரல் ஜி.எச்.சிலோ புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் மூச்சுத் திணறலுக்கு வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது, பழைய ஃபைல் பீரோவிலேயே இருந்துவிடுகிறது. ‘என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?’ என்ற கேள்வி ஊசி போட்டு நீர் எடுப்பதற்கு முன்பே வர வேண்டும். கேட்காவிட்டால், வீட்டாரே அந்த மாத்திரை அட்டையை மேஜைமேல் எடுத்து வைக்கலாம்.