ஏணி இருக்கத் தராசு எதற்கு?

திருத்தணியில் பிறந்து, திருப்பதி மிஷன் பள்ளியில் பயின்ற டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் கமிஷன், ஒரே ஒரு சீர்திருத்தத்தை மட்டும் சொல்லச் சொன்னால் பரீட்சை முறையையே சுட்டுவோம் என்று அபிப்பிராயப்பட்டது. கல்லூரி மாணவரை உத்தேசித்துச் சொன்ன அவ்வார்த்தை, பத்து வயதுப் பிள்ளைக்கு இன்னும் எத்தனை மடங்கு பொருந்தும்!

எட்டாம் வகுப்பு முடியும்வரை போர்டு பரீட்சையில் தேறியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் எந்தக் குழந்தைக்கும் இல்லை என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் விதித்தது. ஆயினும் 2019-இல் வந்த திருத்தம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளின் முடிவில் பரீட்சை வைத்து, மறுவாய்ப்பிலும் தவறியவரை அதே வகுப்பில் நிறுத்த மாநிலங்களுக்கு இடமளித்துவிட்டது. ஓர் அரசாணையால் வருவது மற்றோர் அரசாணையால் போகும். தமிழ்நாட்டில் 2019 செப்டம்பரில் அறிவித்த ஐந்து, எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு, பெற்றோரைப் பல மாதம் கலங்கவைத்த பின், 2020 பிப்ரவரி 4-ஆம் நாள் ரத்தாயிற்று.

பரீட்சை இல்லையேல் எழுத்துக் கூட்டத் தெரியாமலே பிள்ளை மேல்வகுப்பு ஏறிவிடும் என்பார் கூற்றில் நியாயம் உண்டு. அதற்குப் பரிகாரமும் ஆந்திரத்தின் பழைய சித்தூர் மாவட்டத்திலேயே உண்டு. மதனபள்ளிக்கு அருகே ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில், சுவரில் தொங்கும் ஏணிப் படத்தில் தன் படியைத் தானே கண்டு, அதற்குரிய அட்டையை எடுத்துப் பயிலும் குழந்தை, அந்தப் படி கைவந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்கிறது. சோதனை அங்கும் உண்டு, அவமானம் இல்லை. இதைப் பார்த்தன்றோ சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் செயல்வழிக் கற்றலைத் தொடங்கின! மேலும், வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளரும் அம்மாவட்டத்து நகரி, குப்பம் பிள்ளைகளிடம் ஒரே வினாத்தாளை நீட்டினால், அது கணக்கறிவைவிடப் பாஷையையே அதிகம் அளந்து காட்டும்.

ஆதலின், எட்டாம் வகுப்புவரை பொதுத்தேர்வால் எந்தக் குழந்தையையும் நிறுத்தலாகாது என்று ஆந்திரச் சட்டமன்றம் சட்டமே இயற்ற வேண்டும். பள்ளிகளின் தரம் அறிய, 2024 டிசம்பரில் மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புகளில் மத்திய அரசு நடத்தியதுபோன்ற மாதிரி ஆய்வு போதும். அதில் குறை தெரிந்தால் பதில் சொல்ல வேண்டியது சர்க்கார், பிள்ளையன்று.