தோஷமா, வியாதியா?

கைக்குழந்தைக்கு மூச்சு இரைக்கிறதென்றால் நம் ஜனங்களில் அநேகர் முதலில் தேடிப்போவது வைத்தியரையல்ல. வேப்பிலை அடிக்கிறவரையே யாகும். அவர் குழந்தையின் மார்பைத் திறந்துகூடப் பாராமல், “தோஷம் தட்டியிருக்கிறது” என்று மந்திரித்த கயிற்றைக் கட்டி அனுப்பிவிடுகிறார். ஜலதோஷத்துக்கும் அதே கயிறு. கக்குவானுக்கும் அதே கயிறு. நிமோனியாவுக்கும் அதே கயிறு! ஜலதோஷம் சில நாளில் தானே போய்விடுமாதலால் கீர்த்தி கயிற்றுக்குச் சேருகிறது. நிமோனியாவில் குழந்தை இறந்தாலோ பழி தலைவிதியின்மேல் போகிறது. நஷ்டமே இல்லாத இப்படிப்பட்ட வியாபாரம் வேறெங்கேனும் உண்டா என்று கேட்கின்றோம்.

நிற்க, வியாதியைப் பிரித்தறிய ஞானதிருஷ்டி வேண்டியதில்லை. கண்ணும் காதும் கடிகாரமும் போதும். மூக்கொழுகினாலும் பால் குடித்து விளையாடுகிற குழந்தைக்கு இருப்பது பெரும்பாலும் வெறும் ஜலதோஷம். நடுராத்திரியில் நாய் குரைப்பதுபோல் இருமி, மூச்சை உள்ளிழுக்கையில் கரகரவென்று சப்தம் வந்தால் குரல்வளை வீங்கியிருக்கிறது. மூச்சை வெளிவிடுகையில் விசில் கேட்டால் நுரையீரலின் சிறு குழாய்கள் குறுகியிருக்கின்றன. அடுக்கடுக்காய் இருமி, முடிவில் ‘ஊப்’ என்று இழுத்து வாந்தியெடுத்தால் கக்குவான். சின்னஞ்சிறு சிசுவோ அப்படி இழுக்காமலே மூச்சு நின்று நீலம் பூத்துவிடும். இதைத் தடுக்கும் ஊசியை 6, 10, 14-ஆவது வாரங்களில் சர்க்கார் காசில்லாமல் போடுகிறது. அதற்கும் அஷ்டமி, நவமி பார்க்கிற பெரியவர்கள் இருக்கிறார்களே!

நிமோனியாவுக்கு, குழந்தை அழாதிருக்கும்போது சட்டையை விலக்கி ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணவேண்டும். 2 மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, அதற்குமேல் 5 வயதுவரை 40. இவ்வெண்ணை எட்டினாலே வைத்தியரிடம் காட்டவேண்டும். இது உலக சுகாதார ஸ்தாபனத்தார் கிராம ஊழியரும் எண்ணும்படி வகுத்த கணக்கு. மூச்சிழுக்கையில் விலாவின் கீழ் குழி விழுந்தாலும், பால் குடிக்க முடியாவிட்டாலும், உதடு நீலித்தாலும் எண்ணிக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அந்நேரத்தில் தோஷம் கழிக்கச் சாம்பிராணி போடுவது, திணறுகிற நுரையீரலில் புகையைத் திணிப்பதாகும்.

படித்தவர்கள் சிரிக்கவேண்டாம். ஜலதோஷம் வைரஸால் வருவது. ஆண்டிபயாடிக் மருந்து வைரஸைத் தொடாது. குழந்தை தும்மியவுடன் கடையில் தானே அதை வாங்கி ஊற்றுகிற பட்டதாரிக்கும் கயிறு கட்டுகிறவருக்கும் நாம் பேதம் காணவில்லை.

தாய்மார்களே! அடுத்த தடவை கயிறு கொண்டு வருகிறவரிடம், குழந்தை நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறதென்று எண்ணிச் சொல்லக் கேளுங்கள்.