பழி கூறுமுன் காரணம் காண்க

குற்றம் காண்டல் எளிது. குற்றத்தின் காரணம் காண்டலே அரிது. இவ்வுண்மையை யான் உணர்ந்தது நூலறிவினால் அன்று. என் கணினியின்கண் நேர்ந்த ஒரு சிறு தொல்லையினாலேயாம்.

ஆனர்ஸ் வகுப்பில் தமிழ் பயிலும் யான், ஆய்வுக் கட்டுரையின்பொருட்டுச் சங்க நூற்சொற்களைத் தொகுத்து வந்தேன். அதற்கு யான் கையாண்டது, பிராம் மூலெனார் என்னும் டச்சு அறிஞர் 1991-ஆம் ஆண்டில் வெளியிட்ட விம் என்னும் உரைத்திருத்தி. பிளகின் எனப்படும் செருகுநிரல்கள் 17 அதனோடு சேர்த்திருந்தேன். அவற்றுள் ஒன்று, நூற்பெயரின் சுருக்கத்தைத் தட்டி டேப் விசையை அழுத்திய அளவில் முழுப்பெயரையும் எழுதித் தரும். ஒருநாள் மாலை அது வாளா இருந்தது. கட்டுரையை ஒப்புவிக்க ஒரு நாளே எஞ்சியிருந்தது. அதனை நீக்கி மீண்டும் நிறுவினேன், பயனில்லை. சினம் மிகுந்து, அதனை ஊதியமின்றி ஆக்கி உலகிற்கு வழங்கிய அன்பருக்குக் கடுஞ்சொல் நிறைந்த மடலொன்று விடுத்தேன்.

சினம் தணிந்தபின்னரே ஆராயத் தொடங்கினேன். விம்மினைக் ‘கிளீன்’ என்னும் கட்டளைச்சொல்லோடு திறப்பின், நம் அமைப்புகளும் செருகுநிரல்களும் இன்றி அது வெறுமையாய் வரும். அந்நிலையில் பழிசுமந்த செருகுநிரலை மட்டும் ஏற்றினேன். அது செவ்வனே இயங்கிற்று! எஞ்சிய 16-இல் பாதியை நிறுத்திப் பார்த்தேன். பின்னர் ஐயத்திற்குரிய எட்டில் பாதி, அதிற்பாதி எனக் குறைத்தேன். நான்கே சோதனைகளில் பகை வெளிப்பட்டது. சொற்குறிப்புத் தரும் பிறிதொரு செருகுநிரலும் அதே டேப் விசைக்கு உரிமை கொண்டாடிற்று. ஒரு விசையை இரண்டு பற்றினால், பின்னர் ஏற்றப்பெற்றதே நிலைக்கும். இத்தனை நாளும் இல்லாத பகை அன்று தோன்றியதேன்? அமைப்புக் கோப்பில் இருந்த பெயர்களை அன்று காலை யானே எழுத்து வரிசைப்படி மாற்றி அழகுசெய்திருந்தேன்; முன்னது பின்னதாயிற்று. குற்றவாளி யானே! அவ்விசையைப் பற்றி ‘வெர்போஸ்’ என்னும் கட்டளையால் வினவியிருப்பின், அதனை இறுதியாகக் கைப்பற்றிய கோப்பு எது என்பதை விம்மே உரைத்திருக்கும்.

“காலம் குறுகியபோது ஆராய்ச்சி எற்றுக்கு? அனைத்தையும் அழித்துப் புதிதாக நிறுவுதல் சாலாதோ?” என்பாரும் உளர். சாலாது. அமைப்புக் கோப்பு மாறாதவரை பழைய பிணக்கே மீளும். அதனையும் அழிப்பின், பல நாள் தேடிய வசதிகள் அனைத்தும் பிழையோடு சேர்ந்து ஒழியும். நாம் கற்றதோ ஒன்றுமில்லை.

குறை கூறுதலே தகாது என்பது என் கருத்தன்று. செருகுநிரலிலும் பிழை இருத்தல் கூடும். ஆயின், பதிப்பு எண் யாது, திரையில் தோன்றிய செய்தி யாது, எம்முறையிற் செய்யின் பிழை மீண்டும் நிகழும் என்பவற்றைத் தனித்தறிந்து எழுதுவதே குறை, ஏனையது வசையே. முன்னதைப் பெறுபவர் திருத்துவர். பின்னதைப் பெறுபவர் வருந்துவர்.

மறுநாள் கட்டுரையை ஒப்புவித்தேன். அதற்குமுன் அவ்வன்பருக்கு மன்னிப்பு வேண்டி இரண்டாம் மடல் எழுதினேன். கட்டுரை முழுவதினும் அச்சில வரிகளே எனக்கு எழுத அரியவாயிருந்தன. மாணவத் தோழர்களே, அத்தகைய மடல் எழுதும் நிலை உங்கட்கு நேராதிருப்பதாக!