நதித் தரவுகளைத் திறந்து வைக்க வேண்டும்
எல்லை கடந்து பாயும் நதிகளின் செயற்கைக்கோள் தரவுகளை மத்திய அரசு தாமதமின்றிப் பொதுவெளியில் வைக்க வேண்டும். இந்தியா–சீனா இடையே டோக்லாம் எல்லைப் பதற்றம் நிலவிய 2017-இல் பிரம்மபுத்திராவின் வெள்ளக்கால நீர்மட்ட விவரத்தைச் சீனா தரவில்லை. அந்நதியின் மேற்பகுதியில் மாபெரும் அணைக்கான பணிகளை 2025 ஜூலையில் அது தொடங்கியும் விட்டது. அதே மாதம் 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இஸ்ரோ–நாசாவின் நிசார் செயற்கைக்கோள், மேகத்தையும் இருளையும் ஊடுருவி, ஒரே இடத்தை 12 நாளுக்கு ஒருமுறை படமெடுக்க வல்லது. நீர்த்தேக்கத்தின் பரப்பு விரிவதையும் சுருங்குவதையும் இனி எந்த நாடும் மறைக்க இயலாது. எனினும் திடீர் வெள்ளம் குறித்து எச்சரிக்க 12 நாளுக்கு ஒருமுறை எடுக்கும் படம் போதாது. அதற்கு ஆற்றோர அளவுமானிகளும் அண்டை நாட்டின் ஒத்துழைப்பும் இன்றியமையாதவை. ஆனால் அந்த ஒத்துழைப்பைக் கேட்கும் நாமே கங்கை, பிரம்மபுத்திரா, சிந்துப் படுகைகளின் நீரோட்டத் தரவுகளை இரகசியமாக வைத்திருப்பது ஏற்கத்தக்கதல்ல. வெள்ளத்தில் வீடிழக்கும் அசாம் மக்களுக்கு அந்த இரகசியத்தால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. காவிரிக்கும் இதே நியாயம் பொருந்தும். சென்னை மாநகரின் குடிநீருக்குத் துணைநிற்கும் வீராணம் ஏரிக்கு வருவதும் காவிரி நீரே. தமிழக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் பதிவாகும் நீரளவோடு கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளின் செயற்கைக்கோள் படங்களையும் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் தவறாமல் வெளியிட வேண்டும்.