வேலியில பிடுங்கி, தொட்டியில வைக்கிறோம்

எங்க ஊர்ப் பக்கம் தோட்டம் வாங்குற டவுன்காரங்க பத்திரம் முடிஞ்ச கையோட செய்யற முதல் வேலை, ஜேசிபி வெச்சு எல்லையில நிக்கிற கத்தாழையை வாரித் தள்ளறது. "புதரா இருக்குங்க, பாம்பு அடையும்"னு காரணம் சொல்வாங்க. அரைநாள்ல எல்லாம் முடிஞ்சிரும். அப்புறம் கல்லுக்கால் நட்டு முள்ளுக்கம்பி இழுப்பாங்க. அதுக்கப்புறம் நடக்கறதுதான் வேடிக்கை. அதே ஆளுங்க நகரத்து வீட்டு வாசல்ல, பீங்கான் தொட்டியில, நர்சரியில காசு கொடுத்து வாங்கின அதே கத்தாழை நிக்கும். அங்க அதுக்குப் பேரு 'அகேவ்'.

யாரையும் கிண்டல் பண்ண இதை எழுதலை. செடி ஒண்ணுதான்னு தெரியாமத்தான் இப்படி நடக்குது. தெரிஞ்சா பாதிப் பேராவது வேலியை விட்டு வெப்பாங்கன்னு நம்பறேன்.

முதல்ல ஒரு விஷயம். இது மூஞ்சிக்குப் பூசுற சோத்துக் கத்தாழை இல்லை. நான் சொல்றது ஆனைக் கத்தாழை. தண்டவாள ஓரத்துல வரிசையா நட்டதால ரயில் கத்தாழைன்னும் சொல்வாங்க. சோத்துக் கத்தாழை மடலை ஒடிச்சா உள்ளே வழவழன்னு சோறு இருக்கும். இதை ஒடிச்சா நாரு நாரா வரும். மடல் நுனியில ஊசி மாதிரி கறுத்த முள். சாறு பட்டா தோல் அரிச்சுத் தடிச்சுப் போகும், கண்ணுல பட்டா ரொம்ப ஆபத்து. பேர் ஒண்ணா இருக்குன்னு இதை அரைச்சு முகத்துல, தலையில தேய்க்காதீங்க.

இது நம்ம மண்ணுச் செடியும் கிடையாது. சொந்த ஊர் மெக்சிகோ. அங்க டெக்கீலா சாராயம் காய்ச்சுறது இதோட உறவுக்காரச் செடியான நீலக் கத்தாழையிலதான். கடல் தாண்டி வந்தாலும் நம்ம மானாவாரிக் காட்டுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி பொருந்திப் போச்சு. காரணம், பகல்ல இலைத் துளைகளை மூடிக்கிட்டு ராத்திரியில திறந்து காத்தை உள்ள வாங்கிக்கும். அதனால வெயில்ல ஆவியாப் போற தண்ணி ரொம்பக் குறைவு. மடல் முழுக்கத் தண்ணியைச் சேத்தும் வெச்சுக்கும்.

எங்க கொங்குப் பக்கம் கிளுவை வேலிக்குத்தான் முதல் மரியாதை. கிளுவை வராத கல்லாங்காட்டுலயும் ஓடைக் கரையிலயும் கத்தாழை நிக்கும். மாடு நுழையாது, ஆடு மேயாது. வேர் கரை மண்ணைப் பிடிச்சுக்கும். கம்பி துருப்பிடிக்கும், கல்லுக்கால் சாயும். இது வருசா வருசம் கன்னு விட்டு அடர்த்தியாகும். முக்கியமா, எல்லைக்கு அதுதான் சாட்சி. கல்லை ராத்திரியோட ராத்திரியா நகத்தி நடலாம், நாப்பது வருசத்துக் கத்தாழை வரிசையை நகத்த முடியாதுங்க. எங்க பக்கத்துத் தோட்டத்துல வரிசையை எடுத்த அடுத்த வருசமே ரெண்டு பக்கமும் சர்வேயரைத் தேடி அலைஞ்சாங்க.

குறையே இல்லைன்னு சொல்லமாட்டேன். வேலியா அடைய நாலஞ்சு வருசம் ஆகும். பக்கக் கன்னு பரவிக்கிட்டே வரும், வருசம் ஒருக்கா உள்பக்கம் வர்றதை வெட்டி எடுக்கணும். காட்டுப்பன்றியை முழுசா நிறுத்தும்னு எதிர்பாக்காதீங்க. குழந்தைங்க ஓடியாடுற வழியில, வாசல்ல வைக்கவே கூடாது.

நடறதா இருந்தா தாய்ச்செடியைச் சுத்தி வர்ற கன்னைத் தோண்டி எடுத்து, வெட்டுவாய் காயற வரைக்கும் ரெண்டு மூணு நாள் நிழல்ல போட்டு வைங்க. மண்ணைக் கரை மாதிரி அணைச்சு, அதுமேல மூணு நாலு அடிக்கு ஒண்ணா, குருத்துக்குள்ள மண் போகாம மேலாக நடுங்க. பருவ மழைக்கு முன்னால நட்டா அதுக்கப்புறம் தண்ணி காட்ட வேண்டாம். கெட்டியான கையுறை இல்லாம, கண்ணுக்குக் கண்ணாடி இல்லாம கிட்டப் போகாதீங்க.

தொட்டியில வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரே வார்த்தை: தண்ணியைக் குறைங்க. தொட்டியில இது சாகறது பெரும்பாலும் தண்ணி ஊத்தி ஊத்தி வேர் அழுகித்தான். அடியில பெரிய ஓட்டை இருக்கிற மண்தொட்டி, செம்மண்ணோட பாதிக்குப் பாதி பொடிச்சல்லியோ செங்கல் உடைசலோ கலந்த மண், நாளுக்கு ஆறு மணி நேர வெயில். மண்ணு அடி வரைக்கும் காஞ்ச பிறகுதான் தண்ணி. மழைக்காலத்துல அதுவும் வேண்டாம். தொட்டிக்கு அடியில தட்டு வைக்காதீங்க, குருத்துல தண்ணி தேங்க விடாதீங்க. நுனி முள்ளை மட்டும் நகவெட்டியால கிள்ளிவிடலாம், செடிக்கு ஒண்ணும் ஆகாது.

ஆனா ஒண்ணு, நல்லா வளந்தா இது ஆறேழு அடிக்கு மேல அகலம் விரியும். பால்கனியில அதுக்கு எங்க இடம்? சின்ன ஜாதியாப் பாத்து வாங்குங்க. இல்லைன்னா இதை வாங்காதீங்க.

இன்னொரு சங்கதி. பத்து முப்பது வருசத்துல ஒருநாள் நடுவுல இருந்து இருவது, இருவத்தஞ்சு அடிக்குத் தண்டு கிளம்பும். பூக்கும். பூத்து முடிஞ்சதும் அந்தச் செடி காஞ்சு செத்துப் போகும். அது நோய் இல்லை, மருந்தடிக்க வேண்டாம். வாழை குலை தள்ளின பிறகு சாகற மாதிரிதான். சுத்தி கன்னு நிக்கும், வரிசை அப்படியேதான் இருக்கும்.

அதனால காடு வாங்கினீங்கன்னா ஜேசிபிக்காரரைக் கூப்பிடறதுக்கு முன்னால எல்லையை ஒருதரம் சுத்தி வாங்க. பாதை மறிக்கிற இடத்துல மட்டும் எடுத்துட்டு மத்ததை விட்டுருங்க. எடுத்தே ஆகணும்னா கன்னுகளையாவது பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கொடுங்க, ஓடைக் கரையில நட்டுக்குவாரு.

உங்க ஊர்ப் பக்கம் இதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.