ரெண்டு பல் காளையை 300 மீட்டருக்கு ஏற்றலாமா?

தாராபுரம் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இந்த இதழ் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: "எங்கள் வீட்டுப் பசு போட்ட காங்கேயம் காளைக்கன்று. வயது ரெண்டே முக்கால். ரெண்டு பல். பிறந்ததிலிருந்து தீவனம் வைப்பது, தண்ணீர் காட்டுவது எல்லாம் நான்தான். இதற்கு ஜோடியாகப் போன சித்திரையில் கண்ணபுரம் சந்தையில் ஒரு காளை வாங்கினோம். ரெண்டும் சேர்ந்து 200 மீட்டரில் நாலு ஊரில் ஓடி, ஒரு ஊரில் மூன்றாம் பரிசு வாங்கின. இப்போது வாங்கின காளை நாலு பல் போட்டுவிட்டது. இனி ஜோடியை 200-ல் சேர்க்க மாட்டார்கள் என்கிறார்கள். 'நேராக 300-க்கு ஏற்றிவிடலாம், நம்ம கன்று தாங்கும்' என்கிறான் மகன். வீட்டுக்காரரோ, நல்ல விலைக்குக் கேட்கிறார்கள், ஜோடியாகக் கொடுத்துவிடலாம் என்கிறார். எனக்கு ரெண்டுமே மனசுக்கு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?"

பதில்: இந்தப் பருவத்தில் 300 மீட்டர் வேண்டாம், அம்மா. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன் என்பதை உங்கள் மகனுக்கும் சேர்த்தே சொல்கிறேன். இந்தப் பக்கத்தை அவரையே படிக்கச் சொல்லுங்கள்.

ரேக்ளா தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கொங்குப் பக்கத்தில் இந்த ஓட்டம் பெரும்பாலும் 200 மீட்டர், 300 மீட்டர் என்று இரண்டு பிரிவாக நடக்கிறது. இளங்காளைகளுக்கு 200, நாலு பல் போட்டவற்றுக்கு 300. விழாக் குழுவைப் பொறுத்து ஊருக்கு ஊர் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டு நேரத்தைக் கணக்கிடுவார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஜீவனுக்குப் பல்தான் சான்று. அதனால்தான் ஓட்டத்துக்கு முன் வாயைத் திறந்து பார்க்கிறார்கள்.

மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. கீழ்வரிசையில் எட்டு. நடுவில் உள்ள பால் பல் இரண்டும் விழுந்து நிலைப்பல் முளைப்பது சுமார் இரண்டு, இரண்டரை வயதில். அடுத்த ஜோடி மூன்று வயதை ஒட்டி வரும். எட்டும் சேர்ந்து கடை சேர நாலரை, ஐந்து வயது ஆகிவிடும். தீவனத்தையும் இனத்தையும் பொறுத்து சில மாதம் முன்பின் இருக்கலாம். ஆக, உங்கள் கன்று வயதுக்குச் சரியாகத்தான் பல் போட்டிருக்கிறது. சந்தையில் வாங்கினது அதைவிடக் கொஞ்சம் மூத்தது, அவ்வளவுதான்.

பல் என்பது போட்டியாளர்களுக்குள் நியாயம் பார்க்க வைத்த அளவுகோல். கால் தாங்குமா என்று அது சொல்லாது. கன்றின் நீள எலும்புகள் ஒவ்வொன்றின் நுனியிலும் குருத்தெலும்பால் ஆன ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. எலும்பு நீளமாவது அந்த இடத்தில்தான். வளர்ச்சி முடிந்ததும் தட்டு எலும்பாக இறுகி மூடிக்கொள்ளும். முன்னங்காலில் முட்டிக்குக் கீழே இருக்கும் எலும்பின் அடிநுனி இரண்டு, இரண்டரை வயதில் மூடிவிடும். முட்டிக்கு மேலே இருக்கிறதே, அந்த எலும்பின் அடிநுனி மூட மூன்றரை, நான்கு வயது ஆகும். பின்னங்காலில் தொடை எலும்பும் ஏறக்குறைய அந்தக் கணக்குத்தான். உங்கள் கன்றுக்குக் கீழ்ப்பாதி இறுகிவிட்டது, மேல்பாதி இன்னும் பச்சை. அந்தப் பச்சை இடத்தில் திரும்பத் திரும்ப அடி விழுந்தால் ஒரே நாளில் நொண்டாது. முட்டி லேசாகத் தடிக்கும், நடை குறுகும். ஐந்து வயதில், ஓட வேண்டிய காலத்தில், படுத்துக்கொள்ளும்.

200-க்கும் 300-க்கும் 100 மீட்டர்தானே வித்தியாசம் என்று மகன் கேட்பார். இளங்காளை 200 மீட்டரைத் துள்ளலிலேயே கடந்துவிடும். அதற்கு மூச்சுப் பழக்கம் பெரிதாகத் தேவையில்லை. கடைசி 100 மீட்டரில்தான் துள்ளல் தீர்ந்து, சதை களைத்து, காலை வைக்கிற இடம் தவறுகிறது. சறுக்கலும் சுளுக்கும் அங்கேதான் நடக்கின்றன. அந்த இடத்தில் ஓட்டுபவர் என்ன செய்வார் என்பதும் நமக்குத் தெரியும். வாலை முறுக்குவார், குச்சியை எடுப்பார். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் சேர்த்து நிறுத்தியதும், 2017-ல் மெரினாவில் பிள்ளைகள் உட்கார்ந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். குத்தினால்தான் 300 ஓடும் என்கிற காளை 300-க்குத் தயாராகவில்லை என்று அர்த்தம். சட்டத்துக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை, மாட்டைப் பார்த்துச் சொல்கிறேன்.

இங்கே ஒரு பக்கக் கதை. குதிரைகளுக்கு ஈவென்டிங் என்று ஒரு போட்டி இருக்கிறது. அடக்கமாக நடந்து காட்டுவது, காடு மேடு தாண்டி ஓடுவது, மைதானத்தில் தடை தாண்டுவது என்று மூன்று சோதனை. பெங்களூருவைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா 2018 ஆசிய விளையாட்டில் இதில்தான் வெள்ளி வாங்கினார். அந்தப் போட்டியின் சர்வதேச விதிப்படி, கீழ்நிலையில் குறிப்பிட்ட தரத்தில் முடித்துக் காட்டாத குதிரையை அடுத்த நிலையில் சேர்க்கவே மாட்டார்கள். பரிசு வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை, சுத்தமாக முடித்திருக்க வேண்டும். போட்டிக்கு முன்னும், கடைசி நாள் தடை தாண்டலுக்கு முன்னும், மருத்துவர் முன்னால் குதிரையை ஓட்டிக் காட்டியாக வேண்டும். கொஞ்சம் நொண்டினாலும் வெளியே. நம்மூரில் அந்த விதி இல்லை. ஆகவே அதை வீட்டில் நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, இப்போது என்ன செய்வது? ஜோடியைத் தற்காலிகமாகப் பிரியுங்கள். உங்கள் பக்கத்தில் ரெண்டு பல் காளை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு துணை தேடுகிறவர் கட்டாயம் இருப்பார். அவருடையதோடு சேர்த்து இந்தப் பருவத்தை 200-லேயே முடிக்கலாம். உயரமும் கால் வீச்சும் ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒன்று நெட்டையாகவும் ஒன்று குட்டையாகவும் இருந்தால் நுகத்தடி சரிந்து, குட்டையானதன் கழுத்தில் புண் வந்துவிடும். வலப்பக்கம் பழகினதை இடப்பக்கம் மாற்றிப் பூட்டுவதாக இருந்தால், முதலில் பத்து நாளாவது வெறும் நடைக்கு மட்டும் பூட்டுங்கள். துணை கிடைக்கவில்லை என்றால் ஓட்டமே வேண்டாம், வண்டியில் நடைப்பழக்கம் போதும். சந்தைக் காளையை வேறொரு நாலு பல் காளையோடு 300-க்கு விடலாம். மகனுக்கும் கை அரிப்பு தீரும்.

தை மாதத்துக்குள் உங்கள் கன்றும் நாலு பல் போட்டுவிடும் என்று நினைக்கிறேன். அதுவரை இருக்கிற நாளை ஓட்டத்துக்குச் செலவிடாதீர்கள், நடைக்குச் செலவிடுங்கள். முதல் ஒன்றரை மாதம் காலையில் வெறும் வண்டியோடு மூன்று, நான்கு கிலோமீட்டர், மண் பாதையில், நடை மட்டும். தார் ரோடு வேண்டாம். பிறகு நடுவில் கொஞ்ச தூரம் மெதுவோட்டம். மூச்சும் சதையும் சில வாரத்தில் தேறிவிடும். நரம்பும் எலும்பும் தேற மாதக்கணக்கு ஆகும். "நன்றாகத்தான் ஓடுகிறதே" என்று ஏமாறுவது இந்த இடைவெளியில்தான். முழுவேக ஓட்டம் வாரம் ஒன்றுக்கு மேல் கூடாது. அதுவும் 200-க்குள். முழு 300-ஐ முதலில் முக்கால் வேகத்தில் இரண்டு மூன்று தடவை, நல்ல இடைவெளி விட்டு, ஓட விட்டுப் பாருங்கள்.

ஓடுவதற்கு முன் நிழலில் நிற்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். வாலின் அடிப்பக்கம், வால் முளைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, விரலை வைத்தால் நாடி தெரியும், அதையும் எண்ணுங்கள். ஓடி முடித்து நிழலில் இருபது நிமிடம் நின்ற பிறகும் இரண்டும் பழைய கணக்குக்குப் பக்கத்தில் வரவில்லை என்றால், அடுத்த வாரத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். மறுநாள் காலையில் முன்னங்கால் முட்டியையும் கணுவையும் புறங்கையால் தொட்டு, ஒரு காலுக்கு இன்னொரு கால் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். சூடு இருந்தால் ஓய்வு. இரண்டு நாளில் இறங்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நான் வேளாண் துறைக்காரன். வைத்தியத்தில் அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒன்றை நானே கேட்கிறேன். கன்றுக்கு எப்போதாவது கோமாரி வந்ததா? வந்து தேறிய மாடுகளில் சிலவற்றுக்கு வெயில் தாங்காது, கொஞ்சம் நடந்தாலே நாக்கைத் தள்ளி மூச்சு வாங்கும், ரோமம் முரடாக நிற்கும். அப்படி இருந்தால் 300-ஐ மறந்துவிடுங்கள். தடுப்பூசி போட்ட வாரத்திலும் ஓட்டம் கூடாது.

தீவனத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது, ஓட்டம் நெருங்கும்போது தானியத்தைத் திடீரென்று கூட்டுவது. சோளமும் கம்பும் ஒரேயடியாக உள்ளே போனால் வயிற்றில் புளிப்பு ஏறும், அசை போடுவது நிற்கும், குளம்புக்கும் கேடு. கூட்டுவதாக இருந்தால் பத்துப் பதினைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. தவிடு மட்டுமே வைத்து வளர்த்தால் மணிச்சத்து அதிகமாகி சுண்ணாம்புச்சத்து குறைந்துபோகும். வளருகிற எலும்புக்கு அது நல்லதல்ல. தாது உப்புக் கலவையைத் தினமும் 30 முதல் 50 கிராம் தீவனத்தில் கலந்து கொடுங்கள். உங்களிடம் கொறங்காடு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கொழுக்கட்டைப் புல்லில் அவிழ்த்து விட்டு வளர்த்த கன்றின் கால் உறுதியே தனி. ஓட்டத்துக்கு ஏற்றிவிட்டோம் என்று அதைக் கட்டுத்தரையிலேயே நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டில் வளர்ந்த கன்றில் ஒரு சிக்கல் உண்டு. அது ஒரு குரலுக்கும் ஒரு கைக்கும் பழகியிருக்கும். உங்கள் மகன் பிடித்தால் 200 மீட்டரில் சமாளித்துவிடும். 300 மீட்டர் நடக்கிற ஊரில் கூட்டமும் மைக் சத்தமும் கொட்டும் வேறு மாதிரி. ஓடாத ஒரு விழாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்தி, தீவனம் வைத்துத் திரும்பக் கூட்டி வாருங்கள். அங்கே நின்று அசை போட்டால் பாதி வேலை முடிந்தது.

வீட்டுக் கன்றால் ஒரு வசதியும் உண்டு. அது நீங்கள்தான், அம்மா. எத்தனை வாய் தின்னும், எந்தப் பக்கம் படுக்கும், எழும்போது எந்தக் காலை முதலில் ஊன்றும் என்று உங்களுக்குத் தெரிகிற அளவுக்கு எந்த மருத்துவருக்கும் தெரியாது. ஓட்டத்துக்கு மறுநாள் தவிட்டுத் தண்ணியில் வாய் வைக்கத் தயங்கினாலும், எழுந்திருக்க யோசித்தாலும் அடுத்த ஓட்டம் கிடையாது என்று வீட்டில் ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லும் உரிமை உங்களுடையதாக இருக்கட்டும். மகன் கோபித்துக்கொள்வார். பரவாயில்லை.

விலை விஷயத்துக்கு வருகிறேன். கேட்கிறவர் ஜோடியாகக் கேட்கிறார் என்றால் 300-ல் உடனே ஓட்டத்தான் கேட்கிறார். சந்தைக் காளையை மட்டும் கொடுக்க மனம் இருந்தால் கொடுங்கள், அதில் தவறில்லை. உங்கள் கன்று இன்றைக்கு விலை போவது, நாளைக்கு நன்றாக ஓடும் என்ற நம்பிக்கையில். முட்டி தடித்துவிட்டால் அதே காளைக்கு அடிமாட்டு விலைதான் பேசுவார்கள். தாய்ப்பசு நல்ல கறவையும் இனச்சுத்தமும் உள்ளது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பொலிகாளையாகவும் அதற்கு எதிர்காலம் இருக்கிறது. பக்கத்து ஊர்களில் காங்கேயம் பசு வைத்திருப்பவர்கள் நல்ல காளை தேடி அலைவது உங்களுக்கும் தெரியும். ஓட்டத்துக்கு ஆகாவிட்டாலும் கட்டுத்தரையில் நிற்கத் தகுதி உள்ளது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

தையில் நாலு பல் போட்டு, மேலே சொன்னதெல்லாம் சரியாக இருந்தால், உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடக்கிற ஒரு 300 மீட்டரில் ஒருமுறை ஓட விடுங்கள். பரிசை நினைக்காமல், சறுக்காமல் முடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அடுத்தது ஒரு மாதம் கழித்து. மேல்முட்டி எலும்பு மூட இன்னும் நாள் இருக்கிறது என்பதால் அந்த வருஷம் முழுவதும் மூன்று, நான்கு ஓட்டத்துக்கு மேல் வேண்டாம். நாலு வயது தாண்டட்டும், அப்புறம் உங்கள் மகன் பாடு, காளை பாடு.

இன்னொரு கேள்வி: "ஓட்டக் காளைக்குத் தினம் ஆறு முட்டையும் அரைக்கிலோ நெய்யும் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?" (வெள்ளகோவில் வாசகர்)

நெய்யை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அசை போடும் வயிற்றில் கொழுப்பு அதிகமானால் நாருள்ள தீவனம் செரிப்பது குறைகிறது. முட்டைக்குச் செலவழிக்கிற காசில் கடலைப் புண்ணாக்கும் வேகவைத்த கொள்ளும் வாங்கினால் அதைவிட அதிகப் புரதம் கிடைக்கும். பருத்திக்கொட்டையை மட்டும் அளவோடு வையுங்கள். அதில் உள்ள ஒரு நச்சுப்பொருள், பொலிகாளையாக வைத்திருக்க நினைக்கிற காளைக்கு ஆகாது.